சாய்வாக நலம்

என் சிட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நேராக நலம், உன் அப்பா சாய்வாக நலம். அதென்ன சாய்வு என்று பதறாதே, கடிதம் முடிவதற்குள் உனக்கே புரிந்துவிடும். நீயும் மாப்பிள்ளையும், இன்னும் முகம் காட்டாமல் உள்ளே இருந்தபடியே உன்னை உதைத்துக்கொண்டிருக்கும் அந்தப் போக்கிரியும் நலம்தானே? போன வாரம் போனில் நீ, அப்பா பிரசவத்துக்கு வருவாரா மாட்டாரா, ஒழுங்கா சொல்லும்மா என்று கேட்டபோது குக்கர் விசில் அடிக்குது என்று சொல்லி வைத்துவிட்டேன். குக்கர் அன்று அடுப்பிலேயே இல்லை, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார், நீ போன் செய்ததிலிருந்து பக்கத்தைத் திருப்பவே இல்லை, காது இரண்டும் என் பக்கம்தான் இருந்தன. சுவருக்குக் காது உண்டு என்பார்கள், நம் வீட்டில் அந்தச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டிய மனிதருக்கே உண்டு. அதனால்தான் கடிதம். அவரும் சித்தப்பாவும் வேலைக்குப் போயிருக்கிறார்கள், நான் தையல் மிஷின் மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன், நடுநடுவே எண்ணெய்க் கறை இருந்தால் அது மிஷினுடையது, கண்ணீர் என்று நினைத்துக்கொள்ளாதே.

அப்பாவுக்கு வாயுத் தொல்லை என்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தோமே, அது முழுப் பொய் இல்லை, முக்கால் பொய். உண்மையில் மாதக்கணக்காக அவருக்கு நெஞ்செரிச்சல், படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வரும், தின்றது நெஞ்சுக்கு நடுவில் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். மத்தியானம் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு உடனே குனிந்து தரைக்கு டைல்ஸ் ஒட்ட உட்கார்ந்தால் வேறென்ன ஆகும். என்னிடம் மூச்சுவிடவில்லை. ஒருநாள் வேலை செய்கிற வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், சித்தப்பா பயந்துபோய் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு, ஒரு காலில் என் செருப்பும் மறு காலில் சித்தப்பாவின் செருப்புமாக ஓடினேன். இதயத்துக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது, உயிர் வந்த கையோடு கோபமும் வந்தது. பிறகு தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, ஹயாட்டல் ஹெர்னியா என்று பெயர் சொன்னார்கள். பெயரைக் கேட்டதும் சித்தப்பா தலையில் கை வைத்துவிட்டார். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு தசைத் திரை இருக்கிறதாம், சாப்பாட்டுக் குழாய் இறங்குவதற்கு அதில் ஒரு ஓட்டை, அந்த ஓட்டை தளர்ந்துபோனால் இரைப்பையின் மேல் நுனி அது வழியாக நெஞ்சுக்குள் எட்டிப் பார்க்குமாம். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது, காஜா தளர்ந்துபோன சட்டையில் பொத்தான் தானாக வெளியே வருகிற கதைதான். அப்ப காஜாவுக்கு ரெண்டு தையல் போட்டா சரியாயிடுமே என்றேன். அதுக்குப் பேருதாம்மா ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா.

ஆனால் உன் அப்பாவுக்கு இருப்பது சின்னதுதானாம். கொஞ்ச நாள் மாத்திரை, அதைவிட முக்கியமாகச் சாப்பாடு, படுக்கை, உடற்பயிற்சி, உடை எல்லாவற்றிலும் பழக்கத்தை மாற்றினால் அடங்கியிருக்குமாம், ஓட்டை மறையாது, தொல்லை மறையும். உன்னிடம் வருகிற பயணத்தைப் பற்றியும் கேட்டேன். கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து காட்டுங்க, அப்பவும் சாப்பாடு சிக்குது, எரிச்சல் குறையலன்னா ஆபரேஷனைப் பத்தித்தான் பேசணும், விமானத்தைப் பத்திப் பேச வேணாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த உன் அப்பா வாயைத் திறந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், எவ்வளவு வெயிட்டு தூக்கலாம்? இப்போதைக்கு அஞ்சு கிலோவுக்கு மேல வேணாம், அதையும் குனிஞ்சு தூக்காதீங்க, முட்டியை மடக்கி, மூச்சைப் பிடிக்காம வெளியே விட்டுக்கிட்டே தூக்குங்க, மூச்சைப் பிடிச்சா வயிறு மேல தள்ளும் என்றார். எனக்கு வந்த எரிச்சலுக்கு மாத்திரையே கிடையாது. மனிதன் உயிர் பிழைத்து உட்கார்ந்திருக்கிறார், கவலையெல்லாம் சிமெண்டு மூட்டை மேல்தான் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபின், நீ மட்டும் பொண்ணுகிட்ட போயிட்டு வா, நான் எதுக்கு, வீட்டைப் பாத்துக்கறேன் என்று ஒரு வார்த்தை சொன்னார். இந்த வீடு எங்கே ஓடிப்போகப் போகிறது பார்த்துக்கொள்ள? உன் குழந்தையைப் பார்க்க அவருக்கு ஆசையே இல்லையா என்று எனக்கு மனசு கசந்துபோயிற்று. அதைத்தான் உன்னிடம் போனில் சொல்ல முடியாமல் இல்லாத குக்கரை விசில் அடிக்க வைத்தேன்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். உன் அப்பாவின் தட்டு உனக்குத் தெரியும், அதில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம். அதை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு நீ சின்ன வயதில் சாப்பிட்ட பூப்போட்ட தட்டை வைத்தேன். இது என்ன, பூனைக்கு வைக்கிற சோறா என்று கேட்டார். பூனை ஒரு நாளில் பல தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடும், அதற்கு நெஞ்செரிச்சல் கிடையாது, நீங்களும் அப்படியே சாப்பிடுங்கள் என்றேன். எண்ணெயில் பொரித்தது போயிற்று, காரம் குறைந்தது, காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் குடிக்கும் காபி போயிற்று, அந்தக் காபிக்கு அவர் மூன்று நாள் துக்கம் அனுசரித்தார். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று நான் சொல்லப்போக, மெல்லுகிற சத்தத்தை வேண்டுமென்றே ஊருக்கே கேட்கிற மாதிரி எழுப்பி என்னைப் பழிவாங்கினார். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும் என்பதால் இருட்டுவதற்குள் நம் வீட்டில் அடுப்பு அணைந்துவிடுகிறது. அதற்கப்புறம் சமையலறைக்குள் அவர் கால் வைத்தால் நான் மிஷினை நிறுத்திவிட்டுக் கனைப்பேன். தண்ணி குடிக்கத்தான் வந்தேன் என்பார். தண்ணீர் எதற்கு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது என்று கேட்பேன். எனக்கு வார்டன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் அண்ணனும் தம்பியும், எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

அடுத்தது இடுப்பு. தொப்பையை இறுக்கிக் கட்டினால் வயிறு மேலேதான் தள்ளும், இறுக்கமான பெல்ட்டே கூடாது என்றார் டாக்டரம்மா. உன் அப்பா பெல்ட்டைப் போடும்போது மூச்சை இழுத்துக் கடைசி ஓட்டையில் மாட்டிவிட்டு, நான் கல்யாணத்தப்ப இருந்த அதே இடுப்புதான் என்று பெருமை பேசுவாரே, அந்தக் கதைக்கு முடிவு கட்டினேன். எல்லா பேண்டையும் பிரித்து இடுப்பைத் தளர்த்தித் தைத்தேன், விழாமல் இருக்கத் தோளில் மாட்டுகிற வார் தைத்துக் கொடுத்தேன். என்னைக் கோமாளி ஆக்கிட்ட என்றார். கோமாளிக்குச் சம்பளம் கிடைக்கும், உங்களுக்கு இலவசம் என்றேன். அவருக்குத் தரை மட்டம் பார்க்கிற ரசமட்டம் என்றால் எனக்கு டேப், இரண்டுமே பொய் சொல்லாது. வாரா வாரம் இடுப்பை அளக்கிறேன். முதலில் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார், பேச்சுக் கொடுத்துக்கொண்டே காத்திருந்தேன், எத்தனை நேரம்தான் எக்குவார், வயிறு விட்டதும் டேப்பைப் பிடித்துக்கொண்டேன். இப்போது எக்காமலே டேப் கொஞ்சம் மிச்சம் விழுகிறது, அதைச் சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும் என்று உதட்டைப் பிதுக்கி வைக்கிறேன்.

இனிமேல்தான் சாய்வு. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து அரை அடி உயர்த்த வேண்டும், தலையணையை அடுக்கினால் போதாது, அது இடுப்பை மடக்கி இன்னும் கெடுக்கும் என்று சொல்லியிருந்தார்கள். உன் அப்பாவிடம் கட்டை என்று சொன்னால் சும்மா இருப்பாரா, கட்டில் கால் நகராமல் உட்கார மேலே குழி வைத்துக் காங்கிரீட்டிலேயே வார்த்து, நாலு பக்கமும் மிச்சமிருந்த டைல்ஸை ஒட்டி மெருகேற்றிவிட்டார், இரண்டு போதும் என்றால் அச்சு வீணாகிவிடும் என்று நான்காக வார்த்து இரண்டைக் கொல்லையில் வைத்தார். நம் வீட்டுக் குளியலறைக்குக்கூட அந்த அழகு இல்லை. ஆனால் வைத்த பிறகு ஆரம்பித்தது கூத்து. வாழ்நாள் முழுக்க ஒரு நூல் ஏற்ற இறக்கம் இல்லாமல் தரை போட்ட மனிதரைச் சரிவில் தூங்கச் சொன்னால் எப்படி? கதவருகே நின்று ஒற்றைக் கண்ணை மூடிக் கட்டிலைப் பார்ப்பார், முகம் புளியைத் தின்றது போலாகும். இது கட்டிலா, சறுக்கு மரமா என்பார். காலையில் பார்த்தால் இருவரும் கால்மாட்டுப் பலகையில் முட்டிக்கொண்டு கிடப்போம், தலையணைகள் மட்டும் மேலே சுகமாக இருக்கும். வழுக்குகிற விரிப்பை மாற்றி முரட்டுத் துணியில் ஒன்று தைத்துப் போட்டேன், சறுக்குவது குறைந்தது. எரிச்சலும் குறைந்தது, அதை வாயால் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் குறட்டை ஒப்புக்கொண்டது.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் சாயங்காலம் வந்து படுத்தவர், பாத்தியா, பழகிப்போச்சு, இப்ப சரிவே தெரியல என்றார். எனக்கும் தெரியவில்லை. மனித உடம்புதான் எதற்கெல்லாம் பழகுகிறது என்று நானும் ஆச்சரியப்பட்டேன். ஆனால் இரண்டொரு நாளில் எரிச்சல் திரும்பி வந்தது, சரி எங்கேயோ வாயை அவிழ்த்துவிட்டிருக்கிறார் என்று நான் பூப்போட்ட தட்டையும் பாதியாக்கினேன். அவர் சத்தியம் செய்கிறார், நான் நம்பவில்லை, வீட்டில் ஒரே போர். இதற்கு நடுவில் இன்னொரு சோதனை, கட்டிலில் உட்கார்ந்தால் என் கால் தரையில் படவில்லை. வயதானால் உயரம் குறையும் என்பார்களே, அதற்குள் எனக்கு இவ்வளவா குறைந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒடுங்கிப்போனேன், யாரிடமும் சொல்லவில்லை, சுவரில் சாய்ந்து நின்று டேப்பால் அளந்துகூடப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போதுதான் துடைப்பம் கால்மாட்டில் டொக்கென்று இடித்தது. குனிந்து பார்த்தால் அங்கேயும் இரண்டு டைல்ஸ் கட்டைகள், நாலு காலும் ராஜா மாதிரி உயர்ந்து நிற்கின்றன! விசாரித்தால், நாங்கள் கடைக்குப் போயிருந்த நேரம் ஜன்னலடியில் விரிசல் விட்ட டைல்ஸை மாற்ற வந்த சித்தப்பா கட்டிலைப் பார்த்திருக்கிறார், அண்ணன் வேலைய பாதியில விட்டுட்டுப் போயிட்டாரே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை, கொல்லையில் இருந்த மற்ற இரண்டையும் கொண்டுவந்து வைத்து ரசமட்டம் பிடித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார். சரிவு எதற்கு என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை, தலைக்கு நாலு வேலை இருந்தால் மறந்துதான் போகும். நான் தலையில் அடித்துக்கொண்டேன். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, ஓடிப்போய் ரசமட்டத்தை எடுத்துவந்து கட்டில் சட்டத்தில் வைத்தார், குமிழி நடுவில் அசையாமல் நின்றது, பாரு, என் தம்பி வேலை, நூல் பிசகல என்று பூரித்துப்போனார். எரிச்சலில் வெந்த நெஞ்சு பெருமையில் குளிர்ந்துவிட்டது. கால்மாட்டுக் கட்டைகள் இப்போது என் மிஷினுக்கு இரண்டு பக்கமும் பூந்தொட்டி தாங்குகின்றன. உன் அப்பா சாய்வாக நலம் என்று நான் தொடங்கியது இதனால்தான்.

உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பிசியோ பெண் இருக்கிறாள், உன் வயதுதான் இருக்கும், சிரித்த முகம், ஆனால் பிடி உடும்புப் பிடி. முதல் நாளே அவளிடம் மாட்டிக்கொண்டார். தொப்பையைக் கரைக்கிறேன் என்று போனில் எதையோ பார்த்து, மல்லாந்து படுத்து எழுந்து எழுந்து உட்காருகிற பயிற்சியை மொட்டை மாடியில் எனக்குத் தெரியாமல் செய்துகொண்டிருந்தாராம், பெருமையாக அவளிடம் சொல்லியிருக்கிறார். ஐயா, அது உங்க இரைப்பையை நீங்களே மேல தள்ளி விடற வேலை, இன்னொரு தடவை செஞ்சீங்கன்னா நான் அம்மாகிட்ட சொல்லிடுவேன் என்று சொல்லி அப்போதே என்னிடம் சொல்லியும்விட்டாள். அவள் கொடுத்தது எளிய மூச்சுப் பயிற்சி. கண்ணை மூடிப் படுத்து, மூச்சை இழுக்கும்போது வயிறு மேலே வர வேண்டும், நெஞ்சு ஆடக்கூடாது, பிறகு மெதுவாக விட வேண்டும், அந்தத் திரைத் தசைக்கு அது பலம். வயிறு ஏறி இறங்குவது தெரிய ஒரு சின்னப் புத்தகத்தை மேலே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். புத்தகமா, உன் அப்பாவா? ரசமட்டத்தை வயிற்றின் மேல் குறுக்கே வைத்துக்கொண்டார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டே தலையை மட்டும் தூக்கிக் குமிழியைப் பார்த்துவிட்டு, வலது பக்கம் கொஞ்சம் ஏத்தமா இருக்கும்மா, சிமெண்டு வச்சுச் சரி பண்ணணும் என்றார். அந்தப் பெண் சிரித்துச் சிரித்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் தினமும் தவறாமல் செய்கிறார் சிட்டு, அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்டதும் உட்காராமல் தெருவில் மெதுவாக நடக்கிறார், நடைபாதையில் கோணலாகப் பதித்த கல் ஒவ்வொன்றுக்கும் நின்று அதைப் பதித்தவனின் வம்சத்தையே விசாரிப்பதால் அந்த நடை மெதுவாகத்தான் இருக்க முடியும். வேலையிலும் குனிகிற தரை வேலையைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார், நின்றபடி ஒட்டுகிற சுவர் வேலை அண்ணனுக்கு, அண்ணனுக்குச் சுவருக்குப் பதவி உயர்வு என்று கேலி செய்துகொண்டே மூட்டைகளையும் சித்தப்பாவே சுமக்கிறார்.

இவ்வளவு நல்லபடியாகப் போகும்போது எனக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. உன் பாப்பாவுக்கு நான் தைத்து வைத்த குல்லாக்களில் மஞ்சள் குல்லா ஒன்றைக் காணோம், எலி இழுத்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அதே சமயம் உன் அப்பாவின் சட்டையில் தோளில், கையில், வாரில் எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொடி. சிமெண்டு என்றால் சாம்பல் நிறம், இருபத்தைந்து வருஷமாக நான் துவைக்கிற சிமெண்டை எனக்குத் தெரியாதா? தொட்டு முகர்ந்தேன், மாவு. எதிர் பேக்கரியின் நினைப்பு வந்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு, நேரே போய் பேக்கரிக்காரரைப் பிடித்துக்கொண்டேன். பின்பக்கமா உள்ள விட்டு என்னத்தைத் திங்கக் குடுக்கறீங்க, அவருக்கு எதாவது ஆனா நீங்க பொறுப்பா என்று வாடிக்கையாளர்களுக்கு நடுவில் கேட்டுவிட்டேன். பாவம் அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா, அவரு கடைக்குள்ள வந்தே ரொம்ப நாளாச்சு, சாயங்காலம் கண்ணாடிக்கு வெளியே நின்னு பப்ஸைப் பாத்து ஒரு பெருமூச்சு விடுவாரு, அதுகூட அந்த பிசியோம்மா சொன்ன மாதிரி வயித்துலேருந்துதான் விடறாரு என்றார். கடையே சிரித்தது. அசடு வழிய ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர் சாப்பிட்டு, நடந்துவிட்டு வந்து சாமான் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். கையும் களவுமாகப் பிடிக்காமல் விடக்கூடாது என்று மிஷினை வெறுமனே ஓட விட்டேன், சத்தம் கேட்டால் நான் தைக்கிறேன் என்று நினைப்பார் அல்லவா, ஒரு காலை மிதியில் வைத்துக்கொண்டு எட்டிக் கதவிடுக்கில் கண்ணை வைத்தேன், என் வயதில் அது பெரிய உடற்பயிற்சி. உள்ளே உன் அப்பா ஒன்றும் தின்னவில்லை. சின்ன முக்காலி மேல் ஒரு மூட்டை இருந்தது. நம் கோதுமை மாவைத் தராசில் நிறுத்துப் பையில் கட்டி, பாப்பாவுக்கு நான் வெட்டி வைத்திருந்த மெத்தைத் துணியில் சுற்றி, அதன் தலையில் மஞ்சள் குல்லாவை மாட்டியிருந்தார். ஸ்கேனில் மூணு கிலோ வரும்னு சொல்றாங்க என்று நீ போனில் சொன்னாயே, மூட்டையையும் அதே மூணு கிலோவுக்குத்தான் நிறுத்திருந்தார். காலை அகட்டி நின்றார். முட்டியை மடக்கினார். உஸ்ஸென்று மூச்சை வெளியே விட்டுக்கொண்டே அந்த மூட்டையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார், ஒரு கை அடியில், ஒரு கை கழுத்துக்கு. ஜன்னல் வரைக்கும் நடந்தார், திரும்பினார், இறக்கினார். நெஞ்சில் கை வைத்து எரிகிறதா என்று பார்த்துக்கொண்டார். மறுபடி தூக்கினார். தட்டிக் கொடுக்கும்போது மாவு புகையாகப் பறந்து சட்டையெல்லாம் அப்பியது. தாத்தா கீழ போட மாட்டேன், பயப்படாதே என்று மாவிடம் சொன்னார் சிட்டு. சிரிப்பை அடக்கக் கையிலிருந்த துணியை வாயில் திணித்துக்கொண்டேன், கொஞ்ச நேரத்தில் அதே துணி கண்ணுக்கும் தேவைப்பட்டது. டாக்டரம்மாவிடம் எவ்வளவு வெயிட்டு என்று கேட்டது சிமெண்டு மூட்டைக்காக இல்லை. நான் எதுக்கு, நீ போ என்றது ஆசை இல்லாமல் இல்லை. அவ்வளவு தூரம் வந்து, நீ குழந்தையை நீட்டும்போது, வேணாம்மா நான் தூக்கக் கூடாது என்று சொல்ல நேருமோ என்ற பயம். அந்த மனுஷனையா நான் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன்? சத்தமில்லாமல் திரும்பிவந்து உட்கார்ந்து மிஷினை வேகமாக ஓட்டினேன். பார்த்ததை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. காணாமல் போன குல்லாவை மட்டும் எலி கொண்டுபோச்சு என்று அவர் காதுபடத் திட்டுகிறேன், ஆமா, இந்த எலித் தொல்லை தாங்க முடியல என்று ஒத்து ஊதுகிறார்.

நேற்றுதான் மறுபடி டாக்டரம்மாவிடம் போனோம். சாப்பாடு சிக்குவதில்லை, எரிச்சல் எப்போதாவதுதான், எடை குறைந்திருக்கிறது, ஆபரேஷன் பேச்சே இப்போது வேண்டாம், மாத்திரையையும் குறைத்துக்கொள்ளலாம் என்றார். எழுந்திருக்கும்போது உன் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, நின்னுக்கிட்டே ஒரு மூணு கிலோ தூக்கலாம் இல்லையா என்றார். எதைத் தூக்கப் போறீங்க என்றார் டாக்டரம்மா. உன் அப்பா கூரையைப் பார்த்தார், கூரையில் ஏதாவது கோணல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. பிறகு மெதுவாக, ஆரம்பத்துல மூணுதாங்க, ஆனா அது போகப் போக வளரும் என்றார். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்தார். அது வளர வளர நீங்களும் பழகிடுவீங்க, போயிட்டு வாங்க தாத்தா, ஆனா பெட்டியைத் தூக்காதீங்க என்றார். ஆக, பேரப்பிள்ளை அவர் தோளில், பெட்டிகள் அத்தனையும் என் தலையில், நியாயம் எப்படி இருக்கிறது பார். நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில், அப்பா வருகிறார்.

மாப்பிள்ளையிடம் சொல்லி எங்கள் கட்டிலின் தலைப்பக்கத்துக்கு அரை அடி உயரத்தில் உறுதியான இரண்டு மரக்கட்டை தயார் செய்து வைக்கச் சொல், இல்லாவிட்டால் உன் அப்பா அந்தக் காங்கிரீட் கட்டைகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வரப்போவதாகப் பயமுறுத்துகிறார். மாப்பிள்ளை நல்ல மனதோடு கால்மாட்டையும் உயர்த்திவிடாமல் பார்த்துக்கொள். உனக்கும் இந்த மாதங்களில் நெஞ்செரிகிறது என்றாயே, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு, சாப்பிட்டதும் படுக்காதே, இடது பக்கம் சாய்ந்து படு, உன் டாக்டரைக் கேட்காமல் மாத்திரை எதுவும் போடாதே. மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவுகிற பழக்கத்தை உன் குழந்தை பிறந்து அது தாவுகிற வரைக்கும் தள்ளி வை. நீ நல்லபடியாகப் பெற்று எழுந்திருக்க வேண்டும், உள்ளே இருக்கிற போக்கிரி உன்னைப் போல வாயும் உன் அப்பாவைப் போல மனசுமாக நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கும் என் ஆசி. கடைசியாக ஒன்றை மறந்துவிடாதே, குழந்தை பிறந்து நீ அதை எடுத்து நீட்டும்போது நான்தான் முதலில் கையை நீட்டுவேன், பழக்க தோஷம், என்னிடம் கொடுத்துவிடாதே. அவரிடம் கொடு. உட்காருங்கப்பா என்று சொல்லாதே, நின்றபடியே வாங்கிக்கொள்ளட்டும். உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்கும், நீ கேட்காத மாதிரி இரு.

என்றும் உன்,
அம்மா என்கிற வார்டன்

பி.கு.: அந்த மாவைப் பிரித்துச் சமைக்க எனக்குக் கை வரவில்லை. சமையலுக்கு வேறு மாவு வாங்கிவிட்டேன்.